ஆஸ்பத்திரித் தொற்றுக்குக் கோடியில் இழப்பீடு: வாங்கியவர் மேல் நமக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

#1 கல்லணை

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு சண்டை. யாரோ பழைய செய்தி ஒன்றை எடுத்துப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விமானப்படையின் முன்னாள் வீரர் ஒருவருக்கு 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னதே, அந்தத் தீர்ப்பு. 2002இல், பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த ஆபரேஷன் பராக்கிரம் சமயத்தில், ஜம்மு பக்கம் சாம்பாவில் இருந்த ராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். 2014இல் உடம்பு முடியாமல் போய்ப் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. என்று தெரிந்தது. பிறகு வேலையும் போயிற்று.

குழுவில் வந்த முதல் பதில், "அடிச்சான்டா லாட்டரி." அடுத்தது, "யார் வீட்டுப் பணம்?" மூன்றாவது எங்கள் பெரியப்பா: "இப்படிக் கொடுத்தால் நாளைக்கு ஊசி போட்ட இடம் வீங்கினாலும் கேஸ் போடுவான்." அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டபோது இதே குழு கொதித்தது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம், அரசு வேலை, வீடு என்று உத்தரவிட்டபோது "இது போதுமா?" என்று கேட்டவர்கள்தான் இப்போது லாட்டரி என்கிறார்கள். தொகை ஏறினால் இரக்கம் இறங்கிவிடுமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 ஓய்வூதியர்_சுந்தரம்

உங்கள் பெரியப்பா சொன்னதில் தப்பே இல்லை தம்பி. நான் கருவூலத்தில் வேலை பார்த்தவன். அரசாங்கம் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. அந்தப் பணம் வேறொரு வேலைக்குப் போக வேண்டிய பணம். தப்புச் செய்த ஊழியன் பாக்கெட்டிலிருந்து ஒரு பைசா போகிறதா? போகாது. கட்டுவது நானும் நீங்களும். அந்த எரிச்சல்தான்.

#3 நெல்லை_குசும்பு

அண்ணாச்சி, கட்டுவது நாம்தான், சரி. ரத்தம் ஏற்றிக்கொள்வதும் நாம்தானே?

#4 மேலமாசி_வக்கீல்

இழை சூடாவதற்குள் ஒரு விஷயம். "1.54 கோடி" என்று தலைப்பில் பார்த்ததும் பரிசுத் தொகை போலத் தெரிகிறது. தீர்ப்பைப் பிரித்துப் பாருங்கள். அதில் 86 லட்சத்து 73 ஆயிரம் வருமான இழப்புக்கு. 50 லட்சம் மன வேதனைக்கு. மீதி, வாழ்நாள் முழுவதும் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவுக்கு. அவர் வேலையில் தொடர்ந்திருந்தால் சம்பளமாக வந்திருக்கும் பணத்தைத்தான் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டது 95 கோடி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுந்தரம் சார் நாளைக்கு அதைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவார்.

தேசிய நுகர்வோர் ஆணையம் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்திருந்தது. ரத்தத்தால்தான் வந்தது என்பதற்கு நிபுணர் சாட்சி இல்லை என்பது ஒரு காரணம். உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிப் பார்த்தது. முறையான ரத்த வங்கி இல்லாத இடத்தில், ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்காமல் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்; அப்புறம் நோய் வந்திருக்கிறது. நடந்ததே சாட்சி, கவனமாக இருந்தோம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும் என்று பாரத்தை எதிர்த்தரப்பின் மேல் வைத்தது. அந்த ஒரு திருப்பத்துக்கு அவர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார் என்று யோசித்தால் லாட்டரி என்று வாயில் வராது. லாட்டரிக்குச் சீட்டு வாங்கினால் போதும்.

#5 தேம்ஸ்_கரை

கல்லணை அண்ணா, இந்த எரிச்சல் நம்மூர்ச் சரக்கு மட்டும் இல்லை. நான் லண்டனில் நர்ஸ். இங்கே வந்த புதிதில் சீனியர்கள் டீ நேரத்தில் அடிக்கடி பேசிய பெயர் லெஸ்லி ஆஷ். டி.வி. நடிகை. 2004இல் விலா எலும்பு அடிபட்டு செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே எம்.எஸ்.எஸ்.ஏ. என்கிற கிருமி தொற்றி முதுகுத்தண்டு வரை போய்விட்டது. அதன்பிறகு கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. 2008 ஜனவரியில் 50 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் ஆயிற்று.

பத்திரிகைகளுக்கு ஆசிரியர் கடிதங்கள் வந்து குவிந்தன. "நடிகைக்கு 50 லட்சம், எங்கள் அம்மா அதே மாதிரிக் கிருமியில் செத்தார், எங்களுக்கு என்ன?" என்பது ஒரு ரகம். இன்னொரு ரகம், போர் வீரர்களோடு ஒப்பிட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் இழந்த பாராசூட் படை வீரர் ஒருவருக்கு முதலில் 1,52,000 பவுண்டு என்று சொல்லி நாடே கொந்தளித்திருந்தது. அந்தச் சூடு ஆறும் முன்னால் இந்தச் செய்தி. பாவம், அந்தம்மாவின் நேரம்.

அந்தக் கொந்தளிப்பில் ஒரு நல்லதும் நடந்தது. 2008இல் ராணுவ இழப்பீட்டின் உச்சவரம்பை 2,85,000 பவுண்டிலிருந்து 5,70,000க்கு உயர்த்தினார்கள். குறைவாகக் கொடுத்த இடத்தில் கூட்டினார்கள். அதிகம் என்று திட்டிய இடத்தில் குறைக்கவில்லை.

#6 ஓய்வூதியர்_சுந்தரம்

பாருங்கள், அங்கேயும் ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே கிருமி, ஒரே வலி. நடிகைக்கு ஒரு விலை, நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு விலையா?

#7 மேலமாசி_வக்கீல்

சார், இந்தக் கேள்விதான் சரியான கேள்வி. இதற்கு மழுப்பாமல் சொல்ல வேண்டிய பதில்: ஆமாம், சட்டத்தின் கணக்கு அப்படித்தான்.

நம்மூரில் வாகன விபத்து வழக்குகளுக்கு 2009இல் சரளா வர்மா தீர்ப்பில் ஒரு பெருக்கல் அட்டவணையே கொடுத்திருக்கிறார்கள். 26 முதல் 30 வயது என்றால் ஆண்டு வருமானத்தை 17ஆல் பெருக்கு. மாதம் 15,000 சம்பாதித்தவருக்கு 30 லட்சத்து 60 ஆயிரம் வரும். மாதம் ஒன்றரை லட்சம் சம்பாதித்தவருக்கு 3 கோடியே 6 லட்சம். கழிவுகள், கூட்டல்கள் எல்லாம் தனி. மருத்துவக் கவனக்குறைவு வழக்கில் இந்த அட்டவணையை அப்படியே ஒட்ட வேண்டியதில்லை என்று 2013இல் குணால் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 5 கோடியே 96 லட்சம் கொடுத்தது. அட்டவணை போனாலும் அடிப்படை மாறவில்லை. சம்பளச் சீட்டு உள்ளவருக்குத் தொகை ஏறும். கூலி வேலைக்காரருக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் ஒரு மதிப்பீட்டு வருமானம் போடுவார்கள். அது எப்போதும் இறக்கமாகவே இருக்கும்.

ஆகவே கோபப்பட வேண்டியது 1.54 கோடி வாங்கியவர் மேல் இல்லை. சாத்தூரில் 25 லட்சத்தோடு நின்ற கணக்கின் மேல்.

#8 தேம்ஸ்_கரை

வக்கீல் சார் சொல்வது இங்கேயும் அதே. லெஸ்லி ஆஷுக்குப் போனதில் பெரும்பங்கு, நடிக்க முடியாமல் போன படப்பிடிப்புகளின் வருமானம். இன்னொன்று கேளுங்கள். இங்கிலாந்தில் ஒருவர் கவனக்குறைவால் இறந்துபோனால், துக்கத்துக்கென்று சட்டம் நிர்ணயித்திருக்கிற தொகை அந்த 2008இல் 11,800 பவுண்டு. இன்றைக்கும் 15,120தான். அதுவும் கணவன் மனைவி மாதிரிச் சிலருக்கு மட்டும். வயதான அம்மா கிருமி தொற்றிச் செத்தால் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. கடிதம் எழுதியவர்களின் ஆத்திரம் பொய் இல்லை. பாய்ந்த இடம்தான் தப்பு.

#9 நெல்லை_குசும்பு

அப்படியென்றால் உயிரோடு வைத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம், செத்தால் லாபமா? நல்ல கணக்குடே இது.

#10 டாக்டர்_சிற்றூர்

நான் ஒரு தாலுகா ஊரில் 20 படுக்கை நர்சிங் ஹோம் நடத்துகிறேன். என் தரப்பையும் கேளுங்கள்.

எல்லாத் தொற்றும் கவனக்குறைவு இல்லை. ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர், கழுத்தில் ஒரு லைன், கீழே யூரின் டியூப் என்று கிடக்கிற நோயாளிக்கு, எல்லாவற்றையும் முறையாகச் செய்தாலும் சிலருக்குத் தொற்றும். நோயாளியின் சொந்தத் தோலில், குடலில் இருக்கிற கிருமியே உள்ளே புகும். அதையும் ரத்த வங்கி தவறையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவதற்கு மன்னிப்பே கிடையாது.

கோடியில் தீர்ப்பு வரும்போதெல்லாம் எங்கள் சங்கக் கூட்டத்தில் என்ன பேசுவோம் தெரியுமா? கை கழுவுவதைப் பற்றி இல்லை. எங்கள் மேல் வழக்கு வந்தால் இழப்பீடு கட்டுகிற இன்டெம்னிட்டி பாலிசியின் வரம்பை ஏற்றுவதைப் பற்றி. அப்புறம், சர்க்கரை அதிகமுள்ள வயதானவர் என்றால் தொடாமல் மதுரைக்கு அனுப்பிவிடுவதைப் பற்றி. பெருந்தொகைத் தீர்ப்பால் நோயாளிக்கு நன்மை என்று நினைக்கிறவர்கள், ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் அலைகிற அந்தப் பெரியவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

#11 கல்லணை

டாக்டர் சார், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறதே. கூட்டத்தில் கை கழுவுவதைப் பற்றி ஏன் பேசவில்லை?

#12 டாக்டர்_சிற்றூர்

பேசினால் ஆள் கேட்பார்கள் தம்பி. ராத்திரி ஷிஃப்டில் ஒரு சிஸ்டர் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்கிறார். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்யவே நேரம் தனியாக வேண்டும். அது சம்பளம். சம்பளம் ஏறினால் பில் ஏறும். பில் ஏறினால் இதே தளத்தில் "கொள்ளை" என்று இன்னொரு இழை ஆரம்பிப்பீர்கள்.

#13 தேம்ஸ்_கரை

டாக்டர் சொல்வது பாதி சரி. மீதிக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே 2000களில் எம்.ஆர்.எஸ்.ஏ., சி.டிஃப் என்ற ஆஸ்பத்திரிக் கிருமிகளின் பெயர்கள் தினசரி முதல் பக்கத்தில் வந்தன. மெய்ட்ஸ்டன் அண்ட் டன்பிரிட்ஜ் வெல்ஸ் மருத்துவமனைகளில் சி.டிஃப் தொற்றி ஏறத்தாழ 90 பேர் இறந்ததாக 2007 அக்டோபரில் விசாரணை அறிக்கை வந்தது. அரசாங்கம் எம்.ஆர்.எஸ்.ஏ. ரத்தத் தொற்றைப் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்து, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை என்று பெயரோடு வெளியிட்டது. நான்கைந்து ஆண்டுகளில் ஏழாயிரத்துச் சொச்சம் மூவாயிரத்துக்குக் கீழே வந்தது.

வார்டில் அதன் அடையாளம் சின்னச் சின்ன விஷயங்கள். முழங்கைக்குக் கீழே துணியே கூடாது. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு போயிற்று, கைக்கடிகாரம் போயிற்று. நான் சேர்ந்த அன்றைக்கே சிஸ்டர் இன்சார்ஜ் என் கையைப் பார்த்து வளையலைக் கழற்றச் சொன்னார்; கல் வைக்காத கல்யாண மோதிரம் ஒன்றுக்கு மட்டும் அனுமதி. நரம்பில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாயான வென்ஃபிளான் குத்தினால் அதன் ஒட்டுப்பட்டையில் தேதி எழுத வேண்டும். தேதி இல்லாத ஊசியைப் பார்த்தால் யார் குத்தியது என்று கேட்காமலே பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவோம். ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் கைத்தேய்ப்பு மருந்துப் பாட்டில் இருக்கும். அது காலியாக இருந்தால் பார்க்க வந்த உறவினரே புகார் கொடுப்பார்.

இழப்பீட்டுப் பயம் மட்டும் இதைச் செய்யவில்லை. எண்ணி வெளியே சொன்னதுதான் செய்தது. நம்மூரில் எந்த ஆஸ்பத்திரி வாசலிலாவது "சென்ற மாதம் எங்களிடம் இத்தனை பேருக்குத் தொற்று" என்று பலகை பார்த்திருக்கிறீர்களா?

#14 ராஜபாளையத்தான்

நான் அந்தப் பக்கத்து ஆள். சாத்தூர் விவகாரத்தில் எல்லாரும் ஆஸ்பத்திரியையே சொல்கிறீர்கள். ரத்தம் கொடுத்தவனை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவனைத்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும்.

#15 மேலமாசி_வக்கீல்

நண்பரே, விஷயம் தெரியாமல் எழுதாதீர்கள். அந்த இளைஞர் உறவினர் ஒருவருக்காக சிவகாசியில் ரத்தம் கொடுத்தவர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தவுடன், யாரும் கேட்காமலே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னவரும் அவர்தான். அதற்குள் ரத்தம் சாத்தூருக்குப் போய் ஏற்றப்பட்டுவிட்டது. 2016இலேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று அப்போது செய்தி வந்தது. சில நாட்களில் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். சிவகாசி ரத்த வங்கி ஊழியர்கள் மேல்தான் நடவடிக்கை எடுத்தார்கள்.

அந்த முழுக் கதையில் தானாக முன்வந்து உண்மை சொன்ன ஒரே ஆள் அவர். அவர் குடும்பத்துக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டுப் பாருங்கள். சாத்தூர்ப் பெண்ணின் குழந்தைக்குத் தொற்றவில்லை என்பது மட்டும் அதில் கிடைத்த ஒரே நல்ல செய்தி.

#16 நெறியாளர்

சாத்தூர் சம்பவத்தில் சம்பந்தப்பட்ட தனிநபர்களின் பெயரோ ஊர் விவரமோ யாரும் எழுத வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். விவாதத்தைத் தொடரலாம்.

#17 பாமா_திருச்சி

எனக்கு ஒரு சந்தேகம். பிரிட்டனில் கெட்டுப்போன ரத்தப் பொருட்களால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி வந்தவர்களுக்குப் பெரிய தொகை ஒதுக்கினார்களே, அதற்கும் இப்படி எரிச்சல் வந்ததா?

#18 தேம்ஸ்_கரை

பாமா அக்கா, அங்கேதான் வேடிக்கை. 1970களிலிருந்து 90களின் தொடக்கம் வரை 30,000 பேருக்கு மேல் தொற்று, சுமார் 3,000 பேர் மரணம். 2024 மே 20 அன்று விசாரணை அறிக்கை வந்தது, அக்டோபர் பட்ஜெட்டில் 1,180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். லெஸ்லி ஆஷுக்குக் கொடுத்ததைப் போல இரண்டாயிரம் மடங்குக்கு மேல். "யார் வீட்டுப் பணம்?" என்று நான் கேட்ட அளவில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. "இத்தனை வருடம் ஏன் இழுத்தடித்தீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். ட்ரெலோர் என்கிற பள்ளியில் படித்த ரத்த உறையாமை நோயுள்ள பையன்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். அந்தப் பையன்களின் வகுப்புப் படங்களை டி.வி.யில் காட்டினார்கள். என் வார்டில் வேலை கொஞ்ச நேரம் நின்றே விட்டது.

#19 ஓய்வூதியர்_சுந்தரம்

அது வேறு அம்மா. அங்கே அரசாங்கம் மறைத்தது. அதனால் ஜனங்கள் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றார்கள். நடிகை விஷயத்தில் ஏற்கெனவே வசதியாக இருந்தவருக்கு மேலும் வசதி. உறுத்தத்தான் செய்யும். மனுஷ மனசு அப்படித்தான்.

#20 கல்லணை

சரி சார், ஆனால் விமானப்படை வீரர் வசதியானவர் இல்லையே. கார்ப்போரல் பதவி. ஆபத்தைச் சொல்லாமல் ரத்தம் ஏற்றினார்கள், ஆவணங்களைத் தருவதில் இழுத்தடித்தார்கள், தவறே இல்லை என்று கடைசி வரை வாதாடினார்கள். நீங்கள் சொன்ன இரண்டு அளவுகோலிலும் அவர் தேறுகிறார். இருந்தும் லாட்டரி என்றார்கள். எச்.ஐ.வி. என்ற பெயர் கேட்டதும் நம் ஆட்களுக்கு உள்ளுக்குள் ஓடுகிற அந்த இன்னொரு சந்தேகம்தான் காரணம் என்று நினைக்கிறேன். "ரத்தத்தால்தான் வந்ததா, யாருக்குத் தெரியும்?" என்று பெரியப்பாவே அடுத்த மெசேஜில் எழுதினார்.

#21 ஓய்வூதியர்_சுந்தரம்

அதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

#22 மழைக்காலம்

நான் இங்கே படிக்க மட்டும் வருகிறவள். கோடிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், எங்களுக்கு அதெல்லாம் கனவு. அப்பாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்தோம். ஊர் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு தையல் பக்கத்தில் சிவந்து, அப்புறம் சீழ். திரும்பப் போனால் திறந்து கழுவினார்கள், பிறகு வைத்த செயற்கை மூட்டையே எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் தனி பில். டிஸ்சார்ஜ் சம்மரியில் "சர்க்கரை நோயாளி, காயம் ஆறுவதில் தாமதம்" என்று இருக்கிறது. தொற்று என்ற சொல் ஒரு வரியில்கூட இல்லை. என்ன கிருமி என்று சொல்கிற கல்ச்சர் ரிப்போர்ட் கேட்டால் "டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கிறார்" என்கிறார்கள். அப்பா இப்போது பாத்ரூமுக்கு வாக்கர் பிடித்துப் போகிறார், கதவைச் சாத்த விடுவதில்லை நாங்கள்.

பணம் வந்தால் வரட்டும். முதலில் என்ன நடந்தது என்று யாராவது காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

#23 மேலமாசி_வக்கீல்

தங்கச்சி, சம்மரி போதாது. முழு கேஸ் ஷீட் கேளுங்கள்: ஆபரேஷன் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, டிரஸ்ஸிங் மாற்றிய விவரம், கல்ச்சர் ரிப்போர்ட், கொடுத்த ஆன்டிபயாடிக் பட்டியல். அப்பா கையெழுத்தோடு எழுத்தில் மனு கொடுங்கள். கேட்டு 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதியில் இருக்கிறது. மனுவின் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பணம் கட்டிப் பார்த்த இடம் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். நீங்கள் கட்டிய பில்லை வைத்துத்தான் எந்த ஆணையம் என்று முடிவாகும். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். பில் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்திருந்தால் இந்த வழி இல்லை. சாத்தூர் விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

#24 டாக்டர்_சிற்றூர்

கல்ச்சரில் என்ன கிருமி என்று பாருங்கள் அம்மா. ஆபரேஷன் ஆகி எத்தனை நாளில் சீழ் வைத்தது என்பதும் முக்கியம். சர்க்கரை ஒரு காரணமாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை எவ்வளவு இருந்தது, அதைக் கட்டுப்படுத்தினார்களா என்பதும் அதே கேஸ் ஷீட்டில் இருக்கும். சர்க்கரை தெரிந்தேதான் கத்தி வைத்திருப்பார்கள்.

#25 மழைக்காலம்

மனு கொடுத்தேன் சார். முதலில் சீல் வைக்க மாட்டேன் என்றார்கள். வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிட்டேன், வைத்தார்கள். இன்று ஜெராக்ஸ் கட்டு ஒன்று கொடுத்தார்கள். எல்லாம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த பிறகு டிரஸ்ஸிங் மாற்றிய பக்கங்கள் மட்டும் இல்லை. பக்க எண் 31க்குப் பிறகு 36.

#26 மேலமாசி_வக்கீல்

அந்த நான்கு பக்கத்தையும் எண் போட்டு இன்னொரு மனுவில் கேளுங்கள். "இல்லை" என்றால் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மனு எழுதும் முன்னால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.